சேப்பாக்கத்திலிருந்து பம்பாய்க்கு: நான் பார்க்காத ஐந்தாம் நாள்

சேப்பாக்கத்தில் நம் அணி இன்னிங்ஸ் தோல்வி அடைந்த மறுநாள் மாலை நான் பம்பாய் மெயிலில் ஏறினேன். நாடு சுதந்திரம் அடைந்தபின் முதன்முதலாக ஒரு வெளிநாட்டு அணி, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து, டெஸ்ட் ஆட வந்திருந்த குளிர்காலம் அது. டில்லி, பம்பாய், கல்கத்தா மூன்று இடத்திலும் வெற்றி தோல்வி இல்லை. சென்னையில் மட்டும் தோற்றோம். கடைசி ஆட்டம் மறுபடியும் பம்பாயில். அதை ஜெயித்தால் தொடர் சமனாகும்.

இதுதான் நான் போனதற்குக் காரணம் என்று வீட்டிலும் ஆபீஸிலும் சொன்னேன். இன்னொரு காரணமும் இருந்தது. பம்பாயில் மாட்டுங்காவில் இருக்கும் மணி என்னைக் கூப்பிட்டிருந்தான். தங்க இடம், மைதானத்தில் நல்ல ஸ்டாண்டில் நாற்காலி, எல்லாம் தயார், வந்தால் போதும் என்றான். மணியும் நானும் கல்லூரியில் ஒரே அணி. ஆட்டம் தொடங்கும்போது புதுப் பந்து என் கைக்குத்தான் வரும். நான் களைத்தபின் அவனைக் கூப்பிடுவார்கள். படிப்பு முடிந்ததும் அவன் வேலை கிடைத்து பம்பாய் போனான். நான் ஜார்ஜ் டவுனில் ஒரு மருந்துக் கடையின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தேன். அங்கே அவன் ஆபீஸ் அணிக்கு ஆடி, பத்திரிகையில் பெயர் வரும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். நான் பந்தைத் தொட்டே நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவன் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு அரிப்பு. பொறாமை என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதினால் இந்தப் பயணத்தில் பாதி காணாமல் போய்விடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து பம்பாய் ஏறக்குறைய எண்ணூறு மைல். மூன்றாம் வகுப்பில் இரண்டு இரவு. ஜன்னலோரம் கிடைத்தால் பகலில் புழுதியும் இரவில் குளிரும் சேர்ந்தே கிடைக்கும். குந்தக்கல்லில் சாப்பாடு சுமார்தான். கட்டுச்சாதம் கொண்டுபோனவர்கள் முகத்தில் தெளிவு இருந்தது. ரெய்ச்சூர் தாண்டியதும் கறுப்பு மண். வெடித்துக் கிடந்த அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே போகையில் எனக்கு பிட்ச் ஞாபகமாகவே இருந்தது. சேப்பாக்கத்தில் நான்கு நாட்களாக அவர்களுடைய வேகப் பந்துகள் நம்மவர்களின் தோளுக்கும் முகத்துக்கும் எகிறியதைப் பார்த்திருந்தேன். சென்னையில் மார்கழி வரை மழை உண்டு. தை மாதத்தில் மேலே காய்ந்திருந்தாலும் அடிமண்ணில் ஈரம் நிற்கும். பந்து எகிறுவதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி. பம்பாயில் மழை புரட்டாசியோடு சரி. அங்கே பிட்ச் சிமென்ட் தரை. டிசம்பரில் அதே மைதானத்தில் வெள்ளமாக ரன் குவிந்ததைப் பத்திரிகையில் படித்திருந்தேன். ஆகவே கடைசி ஆட்டமும் டிராதான் என்று பூனா வருவதற்குள் முடிவு கட்டிவிட்டேன்.

மாட்டுங்கா போகிறவர்கள் கடைசி ஸ்டேஷன் வரை போக வேண்டாம், தாதரில் இறங்கினால் போதும். மணி அங்கே வந்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அரைக்கை வெள்ளைச் சட்டை, நல்ல பூட்ஸ். போர்ட்டரிடமும் குதிரைவண்டிக்காரனிடமும் ஹிந்தியில் பேசி என் படுக்கையை ஏற்றினான். நான் பக்கத்தில் வாயில்லாப் பிராணி மாதிரி நின்றேன்.

அவன் வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு பால்கனி. சமையலறைக்குள்ளேயே குழாய். திருவல்லிக்கேணியில் நாங்கள் ஐந்து குடித்தனம் ஒரு கிணற்றில் இறைக்கிறோம். அவன் மனைவி லலிதா பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், ஆனால் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சிரமப்படுவாள். “குளிச்சிட்டு வாங்கோ அண்ணா, காபி ரெடியா இருக்கு” என்று டம்ளரை எடுத்து வைத்தாள். கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. ஆபீஸ் அணி. நடுவில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு மணி. பின்னால் தெரிந்த ஸ்டாண்ட் டெஸ்ட் நடக்கும் அதே பெரிய மைதானத்தினுடையது. அங்கே இறுதி ஆட்டத்தில் பந்து போட்டிருக்கிறான். நான் அந்தப் போட்டோவைக் கஷாயம் குடிப்பது போலக் கடைசிச் சொட்டு வரை பார்த்தேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சு பிட்சைப் பற்றித்தான். நான் என் கட்சியைச் சொன்னேன். மணி மறுத்தான். டிசம்பர் வேறு, பிப்ரவரி வேறு என்றான். டிசம்பரில் மழைக்காலத்து ஈரம் மண்ணை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கும், அதனால்தான் சிமென்ட் மாதிரி இருந்தது. இப்போது நாலு மாத வெயில் குடித்து மேல் மண் உதிர ஆரம்பித்திருக்கும். காலையில் கடல் பக்கத்துப் பனியில் அரை மணி பந்து வளையும், பிறகு இரண்டாம் நாளிலிருந்து சில பந்து தாழ வரும் என்றான். நீ எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். “போன வாரம் அங்கே ஆடினேன்டா. கால் வெச்சாத் தெரியறது” என்றான். நான் மோரை விட்டுச் சாதத்தைப் பிசைந்தேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனிலிருந்து லோக்கல் வண்டியில் சர்ச்கேட். எட்டரைக்கு முன்பு ஏறினால்தான் நிற்கவாவது இடம். ஸ்டேஷனிலிருந்து மைதானம் நடக்கும் தூரம்தான். காலரி டிக்கெட் வாங்குகிறவர்கள் கிழக்குப் பக்கம் வேண்டாம். மத்தியானத்துக்குமேல் வெயில் நேரே கண்ணில் குத்தும். எங்கள் ஸ்டாண்டுக்குக் கூரை இருந்தது. வாசலில் நின்ற காவல்காரன் மணிக்கு சலாம் போட்டான். உள்ளே மைதான வேலையாள் ஒருவன் கை ஆட்டினான். சேப்பாக்கத்தில் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவன் நான். இங்கே நாற்காலிக்கு முதுகு இருந்தது, தலைக்கு மேல் காற்று இருந்தது, அதெல்லாம் மணியின் தயவு என்பதும் கூடவே இருந்தது.

வந்த அணி முதலில் ஆடியது. கடல் பக்கம் மெல்லிய மூட்டம். முதல் அரை மணி பந்து வளைந்தது. பிறகு நின்றுவிட்டது. மணி வேர்க்கடலையை உரித்து என் பக்கம் நீட்டினான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அன்று மனசுக்குள் வேண்டிக்கொண்டது அவர்கள் இரண்டு நாள் ஆட வேண்டும், அறுநூறு அடிக்க வேண்டும் என்றுதான். எண்ணூறு மைல் கடந்து வந்து எதிராளிக்காக வேண்டிக்கொண்டேன், மணியின் மண் சாஸ்திரம் பொய்க்க வேண்டும் என்பதற்காக.

பொய்க்கவில்லை. டிசம்பரில் இதே மைதானத்தில் அறுநூறைத் தாண்டியவர்கள் இந்தத் தடவை முந்நூறைத் தொடாமல் முடிந்துவிட்டார்கள். நம்மவர்கள் அதைவிட மோசம், இருநூறைக்கூட எட்டவில்லை. பந்து சில சமயம் நின்று வந்தது, சில சமயம் கணுக்காலுக்குப் போனது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் மணியிடம் சாய்ந்து சாய்ந்து சந்தேகம் கேட்டார்கள். அடுத்த ஓவரில் ஸ்பின்னரைக் கொண்டுவருவார்கள் என்று அவன் சொல்வான், கொண்டுவருவார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெரியவர் என்னைக் காட்டி இவரும் ஆடுவாரா என்று கேட்டார். “எனக்கு முன்னாடி புதுப் பந்து போட்டவன்” என்றான் மணி. அவன் பெருமையாகத்தான் சொன்னான். என் காதில் ‘முன்னாடி’ என்ற சொல் மட்டும் தங்கியது.

நான்காம் நாள் மாலை ஆட்டம் முடிந்தபோது நிலைமை இது: நம்மவர்கள் கடைசி இன்னிங்ஸில் முந்நூற்றுச் சொச்சம் துரத்த ஆரம்பித்துச் சில விக்கெட்டுகளை இழந்திருந்தார்கள். மறுநாள் ஒரே நாளில் அடிக்க வேண்டிய ரன் மலைபோல் இருந்தது. கூட்டம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறியது. நாங்கள் கடலோரம் நடந்தோம். முடியும், உதிர வேண்டிய மண்ணெல்லாம் உதிர்ந்துவிட்டது, இனி பந்து மெத்தென்று வரும், அடிக்கலாம் என்றான் மணி. முடியாது என்றேன். பந்துவீசுகிறவன் ஜெயிக்கவும் இந்த பிட்ச் விடாது, துரத்துகிறவன் ஜெயிக்கவும் விடாது, டிராதான் என்றேன்.

அவன் பேச்சை மாற்றினான்.

“நாளைக்கு எங்க மேனேஜர் வரார். உன்னைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன்.”

“என்னன்னு?”

“நன்னாப் போடுவான்னு. எங்க டீமுக்கு ஒரு ஓப்பனிங் பவுலர் வேணும்டா. ஆபீஸ்லயே வேலை. ஆள் எப்படின்னு பாத்துப் பேசணும்கறார். மேட்டிங்ல போட்டே பழகினவன், டர்ஃப்ல கை வர ஒரு சீசன் ஆகும்னும் சொல்லிட்டேன்.”

கல்லூரியில் நாங்கள் ஆடியது தேங்காய்நார் விரிப்பு போட்ட மேட்டிங் பிட்சில், இங்கே போல விரிப்பில்லாத டர்ஃபில் அல்ல. அதில் எவன் போட்டாலும் பந்து எகிறும் என்று இங்கே ஒரு இளக்காரம் உண்டு. அவன் சொன்ன ஐந்து வாக்கியத்தில் நாலு எனக்கு வாழ்வு தரக்கூடியவை. நான் ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டேன்.

“நாளைக்கு நான் வரலை. செம்பூர்ல சுந்தரம் மாமாவைப் பாக்கணும். டிரா ஆகப்போற ஆட்டத்தை நாள் பூரா உக்காந்து பாக்கறதுக்கு என்ன இருக்கு?”

மணி கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சியிருந்தால் போயிருப்பேன். “உன் இஷ்டம்” என்றான். “லலிதா ஒரு மேட்ச்கூடப் பாத்ததில்லை. அவளை அழைச்சிண்டு போறேன்.”

காலையில் லலிதா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, பச்சைப் புடவையில், படியிறங்கும்போதே கேள்வி கேட்டுக்கொண்டு போனாள். பால்கனியிலிருந்து நான் அவர்களைப் பார்த்தேன். தெரு முனையில் மணி எதையோ கையை வளைத்துக் காட்டினான். பந்து எப்படித் திரும்பும் என்று விளக்கியிருப்பான்.

செம்பூர் போக மாட்டுங்காவிலிருந்து லோக்கலில் குர்லா போய், அங்கே சின்ன நீராவி வண்டிக்கு மாற வேண்டும். அந்த வண்டி அதன் இஷ்டத்துக்குத்தான் வரும். கையில் ஒரு பத்திரிகை வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்த பத்திரிகையில் முதல் பக்கமே மேட்ச். மடித்து உட்கார்ந்துகொண்டேன். செம்பூரில் இறங்கினால் பம்பாய் என்றே தெரியாது. வயல், மரம், நடுவில் புதிதாக எழும்பிய வீடுகள். பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்தவர்களின் கூடாரங்கள் ஒரு பக்கம் நீளமாகப் போயின. பெண்கள் குழாயடியில் வரிசையில் நின்றார்கள். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. ஒரு மைல் தூரம் விசாரித்து விசாரித்து நடந்தேன்.

சுந்தரம் மாமா என் அம்மாவின் சித்தப்பா பிள்ளை. ரிடையர் ஆகி அங்கே வீடு கட்டியிருந்தார். மாமி கதவைத் திறந்து, என்னை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டு, பிறகு குழம்பினாள்.

“மாமா மேட்சுக்குப் போயிருக்காரே. பக்கத்தாத்துக்காரர் ஒரு டிக்கெட் மிச்சம்னு இழுத்துண்டு போனார். நீ அதுக்குன்னுதானே மெட்ராஸ்லேர்ந்து வந்தே?”

கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். மாமி என் வயிற்றுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். குடித்தேன். சாப்பிட்டுவிட்டு மாமா வரும்வரை இரு என்றாள். கிரிக்கெட்டே தெரியாத மாமா அங்கே நிழலில் உட்கார்ந்திருக்க, நான் அவர் வீட்டுக் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. ரசம் சாதம் சாப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் தாராவியில் தோல் பை மலிவு, ஒன்று வாங்கி வா என்று சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போய்ப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது மேல் என்று சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். தோல் பதனிடும் இடங்களின் வாடை முதலில் தலையைச் சுற்றும். கால் மணியில் பழகிவிடும். காதில் விழுந்த பேச்செல்லாம் திருநெல்வேலித் தமிழ். ஊரை விட்டு வந்து இத்தனை நாளில் ஹிந்தி தெரியாமல் நான் தைரியமாக நடந்த முதல் தெரு அதுதான். பையைப் பேரம் பேசி வாங்கினேன்.

மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை. உள்ளே ரேடியோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தது. வாசலில் இருபது முப்பது பேர், பாதிப் பேர் தோல் கிடங்கில் காலை ஷிப்ட் முடித்து வந்தவர்கள். ரேடியோவில் என்ன என்று கேட்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கடந்து போயிருக்கலாம். கால் நின்றுவிட்டது. ஸ்கோரைச் சொன்னார்கள். நான் தப்பாகக் கேட்டேனோ என்று இன்னும் கிட்டே போனேன். மத்தியானத்துக்குள் நம்மவர்கள் மலையில் பாதிக்கு மேல் ஏறியிருந்தார்கள்.

முன்னால் நின்ற ஒருவர் என் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். ஒல்லியான மனிதர், சட்டையில் தோல் பதனிடும் மரப்பட்டைச் சாயம். சுடலைமுத்து என்று பிறகு பெயர் சொன்னார்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு அவன் பேசுதது வெளங்குதா?”

விளங்குகிறது என்றேன்.

“அப்ப எங்களுக்கும் சொல்லுங்க. வந்ததுலேர்ந்து கைதட்டு மட்டும் கேக்கோம்.”

ஸ்டூல் ஒன்றை நகர்த்திப் போட்டார்கள். உட்கார்ந்தேன். முதலில் ரன் எத்தனை, விக்கெட் எத்தனை என்று மட்டும் சொன்னேன். அது அவர்களுக்குப் போதவில்லை. பந்து ஏன் தாழப் போகிறது என்று ஒருவர் கேட்டார். நாலு மாத வெயிலில் மேல் மண் உதிர்ந்துவிட்டது, ஓரத்தில் விழுந்தால் தாழும், நடுவில் விழுந்தால் மெத்தென்று வரும் என்று சொன்னேன். அப்படியானால் இன்னும் அடிக்கலாமே என்றார் சுடலைமுத்து. அடிக்கலாம் என்றேன். என் வாயால் சொன்னேன்.

அப்புறம் நடந்ததை முறையாகச் சொல்ல என்னால் முடியாது. ஒரு பவுண்டரி, ஒரு விக்கெட், மறுபடி ரன். ரேடியோவில் இரைச்சல் ஏறும்போது சொல்பவரின் குரல் அமுங்கிப் போகும். நான் கையைத் தூக்குவேன், முப்பது பேரும் மூச்சு விடாமல் நிற்பார்கள். டீ ஆறியது. கடைக்காரர் அடுப்பைக் கவனிக்கவில்லை. அந்த இரைச்சலுக்குள் மணியின் குரல் இருக்கிறது, லலிதாவின் கைதட்டல் இருக்கிறது, நான் உட்கார வேண்டிய நாற்காலி இருக்கிறது என்பது ஒவ்வொரு தடவையும் குத்தியது. குத்தக் குத்த இன்னும் சத்தமாகச் சொன்னேன். நிழல் நீண்டுவிட்டது, கடைசி ஓவர், இன்னும் கொஞ்சம் ரன், ஜெயித்தாலும் ஜெயித்துவிடுவார்கள் என்று சொல்லும்போது என் குரல் போய்விட்டது.

நேரம் முடிந்துவிட்டது. ஆறு ரன் பாக்கி.

“அப்ப தோத்துட்டமா?” என்றார் சுடலைமுத்து.

“இல்லை. டிரா. ரெண்டு பேருக்கும் இல்லை.”

“அஞ்சு நாளு ஆடியா?”

ஆமாம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கடைக்காரரிடம் என் டீக்குக் காசு வாங்க வேண்டாம் என்றார். பிறகு, நான் எந்த ஊர், இங்கே என்ன வேலையாக வந்தேன் என்று விசாரித்தார். சென்னை, டெஸ்ட் மேட்ச் பார்க்க வந்தேன் என்றேன், யோசிக்காமல். அவர் ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிக்கெட் கிடைக்கலையா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். “நேர்ல பாத்தவன்கூட இப்படிச் சொல்லமாட்டான், விடுங்க” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். மாட்டுங்கா வரை அந்த வார்த்தை கூடவே நடந்து வந்தது.

விளக்கு வைத்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். மணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. எனக்கும்தான், அவன் கேட்கவில்லை. லலிதாவின் உள்ளங்கைகள் சிவந்திருந்தன. செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்: கடைசி ஓவரில் எல்லாரும் எழுந்து நின்றது, பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு அவளிடம் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று கேட்டது, முடிந்த பிறகும் ஒருவர்கூட நகராமல் நின்றது. எல்.பி.டபிள்யூ என்றால் என்னவென்று தெரியாதவள், நான் வாழ்நாள் பூரா பார்க்க ஏங்கக்கூடிய ஒரு மாலையைத் தன் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். அத்தனை நாளும் மணிமேல் பட்ட பொறாமையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஐந்து நிமிஷத்தில் லலிதாமேல் பட்டதற்கு ஈடாகாது.

“டிராதானே” என்றேன்.

“டிராதான்டா. நீ சொன்னதேதான்” என்றான் மணி. குத்தலாகச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தான், குத்துவதற்கு அவனுக்கு இடமில்லை.

மேனேஜர் கேட்டாராம். மணியின் சிநேகிதர் எங்கே என்று லலிதாவிடமே கேட்டாராம். “நீங்க செம்பூர் போயிருக்கேள்னு சொன்னேன். ஓஹோன்னார்” என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்து, “அண்ணா, நடுவிலே ஒருத்தர் நன்னா ஆடிண்டே இருந்தார். ஒரு பந்து கால்கிட்டே வந்து அவுட் ஆயிட்டார். ஏன் அது மட்டும் அப்படி வந்தது?” என்று கேட்டாள்.

மணி ஏற்கெனவே சொல்லியிருப்பான். ஆனாலும் என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். மழை நின்ற மாதம், ஈரம் இறுக்கிப் பிடித்த மண், பிப்ரவரி வெயில், உதிர்ந்த மேல்தோல், எல்லாம். மணி சொன்னதைத்தான் வரிசை மாறாமல் சொன்னேன். மணி நான் முடித்ததும் “கரெக்ட்” என்றான். தாராவி டீக்கடையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர்களிடம் இருந்த மாலையின் பக்கத்தில் அதை எடுத்து வைக்க மனசு வரவில்லை.

மறுநாள் ராத்திரி வண்டிக்கு மணி தாதர் வந்தான். அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. தண்ணீர்க் கூஜாவை நிரப்பிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தான். வண்டி நகர்ந்தது. நான் ஹோல்டால் படுக்கையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். சித்திரையில் பம்பாயிலிருந்து வந்த ஒருவர் மூலம் தெரிந்தது: அந்த வேலைக்குப் பூனாவிலிருந்து ஒரு பையனை எடுத்துவிட்டார்கள், நன்றாகப் போடுகிறானாம். அவனை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே அவன் ஓட்டம், கை, பந்து விடும் இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

இந்த மாதிரிப் பயணம் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வெளிநாட்டு அணி வரும் குளிர்காலத்தில் ஊர்ஊராக ஒரே ஆட்டம் நடப்பதாக நினைக்காதீர்கள். டில்லியில் குளிர், கல்கத்தாவில் காலை மூடுபனி, சென்னையில் அடிமண் ஈரம், பம்பாயில் கடலும் வெயிலும். ஒரே ஊரிலேயே டிசம்பரும் பிப்ரவரியும் வேறு. இரண்டு ஊர் பார்க்கப் பணமிருந்தால் சென்னையும் பம்பாயும் பாருங்கள். பம்பாயில் மாட்டுங்காவில் தங்குங்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து ஹோட்டல்களில் காபி இரண்டணா, குறை சொல்ல முடியாது. பகலில் தொப்பி வேண்டும், இரவு வண்டியில் கம்பளி வேண்டும். செம்பூர் அழகான இடம், மேட்ச் இல்லாத நாளில் போங்கள். பிட்சைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தாலும் ஐந்தாம் நாள் டிக்கெட்டைக் கையை விட்டு விடாதீர்கள். நான் சொன்னது பலித்தது என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். பலித்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த அணி எப்போது வரும் என்று பத்திரிகையில் பேச்சு அடிபடுகிறது. வந்தால் பம்பாய்க்குப் போவதாக இருக்கிறேன். மணி இன்னும் கூப்பிடவில்லை.